எழுபதில் கயிறு

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை நடக்க வருபவர்கள் அலையைப் பார்க்கிறார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் காற்றைப் பார்க்கிறார்கள். கடலுக்கு அடியில் இறங்க வந்தவர்கள் பார்ப்பது நிறத்தை. காந்தி சிலைக்கு எதிரே, கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் நின்றால், நல்ல நாளில் மூன்று பட்டைகள் தெரியும்: கரையை ஒட்டிச் செம்மண் நிறம், அதற்கப்பால் பாசிப்பச்சை, அதற்கும் அப்பால் நீலம். நீலம் கரைப்பக்கம் நெருங்கியிருந்தால் இறங்குபவர்களுக்குக் கொண்டாட்டம். நான் போயிருந்த ஜனவரிக் காலையில் பச்சை அடிவானம் வரை போயிருந்தது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தென்பெண்ணையும் சங்கராபரணியும் மழைக்காலத்தில் கொண்டுவந்து தள்ளிய வண்டல் இன்னும் முழுதாகப் படியவில்லை. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை இந்தக் கரையோரமாக நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். பிப்ரவரி வாக்கில் திசை மாறி வடக்கு நோக்கி ஏறும். ஆற்றுநீர் சேர்த்த சத்தைத் தின்று கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் பெருகுவதும் உண்டு. வண்டல் தண்ணீரைப் பழுப்பாக்கும், இந்த உயிர்கள் பச்சையாக்கும். இரண்டும் சேர்ந்தால் கடலுக்கடியில் பார்வை சில மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தமானின் ஸ்வராஜ் தீவில் படகிலிருந்தே அடித்தரை தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது வேறு கடல்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளுக்கும் காயும் வலைகளுக்கும் நடுவே எங்கள் படகு நின்றிருந்தது. வழிகாட்டி, வம்பாகீரப்பாளையத்துப் பையன். அப்பா இன்றும் வலைக்குப் போகிறார். படகை ஓட்டியவர் அவனுடைய சித்தப்பா. என்னோடு ஜோடியாக இறங்கப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கணினித் துறையில் வேலை, தமிழ் நன்றாகப் பேசினார், மணிக்கட்டில் பெரிய டைவ் கம்ப்யூட்டர்.

"எவ்ளோ தெரியுது தம்பி கீழே?" என்று கேட்டேன்.

"நேத்து மூணு மீட்டர் சார். முன்னாடி போறவரோட துடுப்பு தெரியும். அதுக்கு மேல நம்பிக்கைதான்."

சித்தப்பா சிரித்தார். அவருக்கு இந்தத் தண்ணீர் மீது புகார் எதுவும் இல்லை. தண்ணீர் கலங்கியிருந்தால் நைலான் வலை மீனின் கண்ணுக்குத் தெரியாது என்றார். கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பதைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் அவருக்குத் தொழில் உண்மை. இறங்குபவர்களுக்குத்தான் அதே கலங்கல் கணக்கை மாற்றிவிடுகிறது.

அந்தக் கணக்கைப் பையன் படகிலேயே தொடங்கினான். நாங்கள் போகவிருந்தது டெம்பிள் ரீஃப் என்ற செயற்கைத் திட்டு. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர், ஆழம் 18 மீட்டர். அலுமினிய சிலிண்டர் ஒவ்வொன்றும் 11 லிட்டர் தண்ணீர் கொள்ளும் அளவு. அதில் காற்றை 200 பார் வரை அழுத்தி நிரப்பினால் சாதாரண நிலையில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. பதறாமல் மூச்சுவிடும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தால், தரையில் உட்கார்ந்து இதை 110 நிமிடம் சுவாசிக்கலாம்.

கடலுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. பத்து மீட்டர் இறங்கும்போது ஒரு பார் அழுத்தம் கூடும். 18 மீட்டரில் மொத்த அழுத்தம் 2.8 பார். நுரையீரல் அதே அளவுதான் விரிகிறது, ஆனால் அதற்குள் வரும் காற்று 2.8 மடங்கு அடர்த்தியானது. 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. நிமிடத்துக்கு 20 லிட்டர் அங்கே 56 லிட்டராகிறது. சிலிண்டரில் அது நிமிடத்துக்கு 5 பார். பையன் தன் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டியது இந்த ஒற்றை எண்ணைத்தான்: "18 மீட்டர் = நிமிஷத்துக்கு 5". பள்ளியில் படித்த விதியெல்லாம் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஐந்து நிற்கும்.

அடுத்து எழுதியது 70. சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜில் 70 பார் காட்டும்போது நாங்கள் நங்கூரக் கயிற்றில் கை வைத்திருக்க வேண்டும் என்றான். பெரும்பாலான இடங்களில் மீதம் வைக்கச் சொல்லும் எண் 50. பெங்களூர்ப் பெண் அதைக் கேட்டார்.

"அது தெளிஞ்ச தண்ணிக்கு, அக்கா. உங்க காத்துல நீங்க மட்டும் மேல வர்றதா நினைச்சு வச்ச நம்பர். அவரோட ரெகுலேட்டர் நின்னுபோச்சுன்னா உங்க டேங்க்லேர்ந்து ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கிட்டு வரணும்."

அதையும் போட்டுப் பார்த்தோம். பயந்த நிலையில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. கீழே நிதானித்து மாற்று வாய்க்குழாயைக் கொடுத்து வாங்க ஒரு நிமிடம்: 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர இரண்டு நிமிடம்: சுமார் 228 லிட்டர். பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க: 270 லிட்டர். கூட்டினால் 666 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் இது 60 பார். நிற்காமல் மேலே வந்தால் 36 பார் போதும், ஆனால் நிற்பதற்கும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். அதற்கு மேல் இன்னும் பத்து பார் எதற்கு என்றால், கயிற்றைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்துக்கு. தெளிந்த கடலில் நங்கூரக் கயிறு இருபது மீட்டருக்கு அப்பாலேயே தெரியும். கலங்கலில் கயிறு ஒரு கையெட்டில் இருந்தும் தவறிப்போகலாம்.

மூன்றாவது எண் 140. அதுதான் திரும்பும் எண். 200-இலிருந்து 70 போனால் மீதி 130. பாதி போக, பாதி வர. 135 என்று வருவதை 140 ஆக்கிக்கொண்டோம். குகைக்குள் நீந்துபவர்கள் இதைவிடக் கடுமையானவர்கள்: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடவே கூடாது. தலைக்கு மேல் பாறை இருப்பவர்களின் விதி அது. எங்களுக்குத் தலைக்கு மேல் திறந்த கடல்தான். ஆனால் எங்கள் படகு ஒன்றுதான், நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, மீன்பிடிப் படகுகள் அங்கும் இங்கும் ஓடுகின்றன. கயிற்றை விட்டுவிட்டு நினைத்த இடத்தில் மேலே வருவது கடைசி வழி.

இவ்வளவும் படகில் முடிந்தது. கீழே போய் யோசிக்க வேண்டியது எதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை. யோசிப்பதற்கும் காற்று செலவாகும் என்பது அவன் கட்சி.

பிறகு கருவிகளைச் சரிபார்த்தோம். சிலிண்டரைத் திறக்கும்போது கேஜின் முகத்தைத் தன் பக்கமும் பிறர் பக்கமும் இல்லாமல் திருப்பிப் பிடிக்கச் சொன்னான். அரிதாக அதன் கண்ணாடி தெறிக்கும். அடுத்து, கேஜைப் பார்த்துக்கொண்டே வாய்க்குழாயில் நாலைந்து முறை இழுத்து மூச்சுவிட வேண்டும். முள் அசையாமல் நின்றால் நல்லது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே குதித்து மறுபடி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். அப்படித் திறந்தும் திறவாமலும் இருக்கும் சிலிண்டர் மேற்பரப்பில் ஒழுங்காகக் காற்றுத் தரும். ஆழம் போனதும் திணறும். கடைசியாக அலகு. பெங்களூர்ப் பெண்ணின் கம்ப்யூட்டர் பவுண்டுக் கணக்கில் இருந்தது, 200 பாருக்கு அது 2,900 என்று காட்டும். பையன் அதைப் பாருக்கு மாற்ற வைத்தான். கீழே ஒருவர் ஆயிரத்தையும் மற்றவர் நூறையும் காட்டிக்கொண்டிருந்தால் யார் திரும்ப வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

அவருடைய கருவி கம்பியில்லாத வகை. சிலிண்டர்ப் பக்கம் ஒரு சிறு அனுப்பி, மணிக்கட்டில் எண். இந்த வேகத்தில் இன்னும் எத்தனை நிமிடம் என்றுகூட அது சொல்லும். ஆனால் பையன் ஒரு பழைய முள் கேஜையும் அவருடைய ரெகுலேட்டரில் பூட்டிவிட்டான். "ரெண்டும் இருக்கட்டும் அக்கா, இதுக்கு பேட்டரி கிடையாது."

அந்த முள் கேஜுக்குப் பின்னால் பெரிய கதை உண்டு. வளைந்த பித்தளைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவை முள்ளில் பூட்டினால் அழுத்தம் தெரியும். 1849-இல் பிரான்சில் யூஜின் பூர்தோன் இதற்குக் காப்புரிமை வாங்கியது நீராவி எந்திரங்களின் காலத்தில். அதே நாட்டில் 1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் மூச்சுக்கேற்பக் காற்றை அளந்து தரும் ரெகுலேட்டரைச் செய்தார்கள். அன்று இந்தப் புதுச்சேரியும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. ஆனால் பூர்தோனின் குழாய் கூஸ்தோவின் சிலிண்டரோடு உடனே கைகோக்கவில்லை. ஆரம்ப காலத்தில் நிறையப் பேர் கேஜ் இல்லாமலே இறங்கினார்கள். அவர்களுக்கு இருந்தது சுருள்வில் வைத்த ஒரு வால்வு. சிலிண்டரில் சுமார் 20 பார் மிஞ்சும்போது அது தடுக்கும், மூச்சு இழுக்கக் கடினமாகும். முதுகுப் பக்கம் தொங்கும் கம்பியை இழுத்தால் தடுப்பு விலகி மீதிக் காற்று கிடைக்கும். கம்பி எதிலாவது மாட்டி முன்பே இழுபட்டிருந்தால் எச்சரிக்கை வராது, மீதியும் இருக்காது. வலையும் இரும்பும் கிடக்கும் கலங்கல் நீரில் அப்படி இழுபட எவ்வளவோ வாய்ப்பு.

அதற்கும் முந்திய ஏற்பாட்டுக்கு நம் கடலிலேயே சாட்சி உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்த குளியாட்கள் கல்லைப் பிடித்து இறங்கினார்கள், ஒரே மூச்சு. தோணியில் ஒருவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கீழிருந்து கயிறு இழுபட்டதும் குளியாளை மேலே தூக்குவது அவர் வேலை. உள்ளே இருப்பவரின் மூச்சுக்கு வெளியே ஒருவர் பொறுப்பு. இருட்டுக் கிணற்றிலும் ஏரிச் சேற்றிலும் தேடும் மீட்புப் படையினர் இன்றும் கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆளை நிறுத்துகிறார்கள். நேரத்தையும் காற்றையும் எழுதி வைத்துக் கணக்குப் பார்ப்பது அந்தக் கரை ஆள்தான். தன் கேஜைத் தானே படிக்க முடியாத இடத்தில் அதைவிட்டால் வழியில்லை.

படகு நின்றது. பையன் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினான். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஐந்தாவது முடிச்சில் தட்டு மறைந்தது. 1865-இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஆஞ்சலோ செக்கி என்ற வானியலாளர் வெள்ளைத் தட்டுகளை இறக்கி மத்தியதரைக் கடலின் தெளிவை அளந்த முறை இதுதான். இன்றும் கடல் ஆய்வாளர்கள் அவர் பெயரில் தட்டு வைத்திருக்கிறார்கள். பையனுக்கு செக்கியைத் தெரியாது. அவன் சித்தப்பா சொல்லிக் கொடுத்தது.

பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தோம். நங்கூரக் கயிற்றைப் பிடித்து ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். ஆறு மீட்டரில் சூரியன் தலைக்கு மேல் ஒரு வெளிச்சத் திட்டாகச் சுருங்கியது. பத்து மீட்டரில் அதுவும் போய், எல்லாத் திசையும் ஒரே பச்சை. மேல் எது கீழ் எது என்று கண் சொல்லவில்லை. விட்ட மூச்சின் குமிழ்கள் போகும் திசைதான் மேல். கையில் கயிறு இருந்ததால் அதைப் பற்றிக் கவலை இல்லை. டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்தபோது எதிரே வெள்ளைச் சுவர் எழும்பியது. மார்கழி விடிகாலையில் ஈசிஆர் சாலையில் காரின் ஹை பீம் விளக்கைப் போட்டால் பனி அப்படியே திருப்பி அடிக்குமே, அப்படி. டார்ச்சைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்ததும் சுவர் விலகியது.

அடித்தரையில் 185. கேஜைக் கை நீட்டிப் படிக்க முடியவில்லை. மாஸ்க் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன் முகப்பு டார்ச் ஒளியை வாங்கி வைத்துக்கொண்டு சிறிது நேரம் தானே பச்சையாக ஒளிர்ந்தது. பையன் தன் சுருளிலிருந்து மெல்லிய வெள்ளைக் கயிற்றை நங்கூரத்தில் முடிந்தான், நடந்தான் என்றே சொல்லலாம், அவ்வளவு மெதுவாக நீந்தினான். நடுவில் பெங்களூர்ப் பெண், கடைசியில் நான். என் இடது கையின் இரண்டு விரல் வளையத்துக்குள் கயிறு ஓடிக்கொண்டிருந்தது.

திட்டு என்பது தூரத்திலிருந்து கண்ணில் படவே இல்லை. திடீரென்று முகத்துக்கு முன் ஒரு சிமென்ட் தூண். சிப்பி மூடிய பரப்பு. அதன் பொந்திலிருந்து ஒரு களவா மீன், உதட்டைக் குவித்துக்கொண்டு, என்னை அளந்தது. பாரைக் கூட்டம் ஒன்று பச்சைக்குள்ளிருந்து வந்து பச்சைக்குள்ளேயே போனது. வால்கள்தான் மின்னின. தெளிந்த கடலில் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிவதால் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. இங்கே ஒரு முழத்துக்குள் தெரிவது மட்டுமே உலகம் என்பதால் தூணில் ஒட்டிய சிறு நண்டின் வாய் அசைவதுகூடக் கண்ணில் பட்டது. அறுந்த வலை ஒன்று இரும்பில் சுற்றிக் கிடந்தது. பையன் நின்று, கையால் வட்டம் காட்டி, அதைச் சுற்றி எங்களைக் கூட்டிப்போனான்.

இறங்கி ஏழாவது நிமிடம், கேஜ் 160. அடித்தரையில் நாலு நிமிடத்தில் 25 பார். பலகையில் எழுதியது நிமிடத்துக்கு 5, நான் குடிப்பது ஆறுக்கும் மேல். எனக்குப் பயமாக இருந்ததாக நினைவில்லை. ஆனால் உடம்புக்கு அது தெரிந்திருந்தது. பார்வை சுருங்கினால் மூச்சு வேகமாகிறது, சிறியதாகிறது. அரைகுறை மூச்சில் கரியமில வாயு முழுதாக வெளியேறாது, அது தேங்கினால் இன்னும் மூச்சு வாங்கும். காற்றை மிச்சம் பிடிக்கலாம் என்று மூச்சை அடக்கி அடக்கி விடுபவர்கள் உண்டு. அது தலைவலியில் முடியும், மேலே ஏறும்போது அடக்கினால் நுரையீரலுக்கே ஆபத்து. நீந்துவதை நிறுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடுவதுதான் மருந்து. கலங்கிய நீரில் கேஜை அடிக்கடி பார்க்கச் சொல்வது ஏன் என்று அங்கே புரிந்தது. போன முறை போன இடத்தில் எவ்வளவு செலவானது என்ற அனுபவம் இங்கே துணைக்கு வராது. பார்வை குறைவதே காற்றின் விலையை ஏற்றிவிடுகிறது.

பையன் திரும்பி வந்து என் முகத்துக்கு அருகே உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டினான்: காற்று எவ்வளவு? தெளிந்த நீரில் விரல்களால் எண் காட்டலாம். இங்கே நான் கேஜையே அவன் மாஸ்க்குக்கு முன் கொண்டுபோய் வைத்தேன். அவன் பார்த்தான், என் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினான். சரி. பெண்ணிடம் போனான். அவருடைய கம்ப்யூட்டரில் எண்ணுக்குப் பதில் கோடுகள். அவர் சாய்ந்து திரும்பியிருந்தார், அனுப்பியின் சமிக்ஞை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. மேலே படகில் இருந்தால் கையை உதறிவிட்டுக் காத்திருக்கலாம். 18 மீட்டரில் அந்தக் கோடுகள் அவர் கண்களை விரிய வைத்ததை மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தேன். பையன் அவருடைய முள் கேஜை எடுத்துக் கையில் வைத்தான். 165. சில நொடிகளில் மணிக்கட்டிலும் எண் வந்துவிட்டது. இரண்டும் ஒத்துப்போயின.

அவர் உடல்வாகு சிறியது, செலவும் குறைவு. ஆனால் திரும்புவது யாருடைய காற்று அதிகமோ அவரை வைத்து அல்ல. 140-ஐ முதலில் தொடுபவர் கட்டைவிரலைப் பின்பக்கம் காட்டினால் எல்லோரும் திரும்ப வேண்டும், பேச்சே கிடையாது. பத்தாவது நிமிடத்தில் அதை நான் காட்டினேன். அப்போது பையனிடம் 165-க்குக் குறையாமல் இருந்திருக்கும். திட்டின் மறுபக்கத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. உடம்பில் சேரும் நைட்ரஜன் கணக்குப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் வரை இருக்கலாம் என்கிறது டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணை. எங்களுக்கு அந்த எல்லை வெகு தொலைவில் இருந்தது. காற்று அதற்கு முன்னாலேயே வேலியைப் போட்டுவிட்டது.

திரும்பும் வழியில் மூச்சு தானாகவே அடங்கியது. கயிற்றைச் சுற்றிக்கொண்டே பையன் முன்னால் போனான். நங்கூரக் கயிறு கைக்கு வந்தபோது 90. எழுபதுக்கு இருபது மேலே. இதுவரை முள்ளைப் படித்துவந்ததன் பொருள் அங்கேதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. தெளிந்த கடலில் வீடு எவ்வளவு தூரம் என்று கண் சொல்லும், எவ்வளவு காற்று இருக்கிறது என்று கேஜ் சொல்லும், இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். கலங்கலில் கண் விலகிக்கொள்கிறது. தூரமும் கேஜில்தான் எழுதியிருக்கிறது. 140 என்பது பாதி வழி, 70 என்பது கயிறு. நிறையக் காற்று இருக்கிறது என்ற நினைப்பு அங்கே எதற்கும் உதவாது, எந்த எண்ணில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்தவனுக்குத்தான் அந்த முள் வழி சொல்லும்.

5 மீட்டரில் கயிற்றைப் பிடித்து மூன்று நிமிடம் தொங்கினோம். நீரோட்டம் எங்களைக் கயிற்றோடு சேர்த்துத் தெற்கே சாய்த்தது. படகில் ஏறும்போது என் கேஜில் 70-க்குக் கொஞ்சம் மேலே. தண்ணீரில் இருந்தது ஏறத்தாழ 25 நிமிடம். அந்தமானில் இதே சிலிண்டர் இதே ஆழத்தில் எனக்கு இன்னும் அதிக நேரம் வந்திருக்கிறது.

சித்தப்பா பன்னும் டீயும் கொடுத்தார். இரண்டாவது முறை இறங்க வேறோர் இடத்துக்குப் படகை ஓட்டினார், கரைக்குச் சற்று அருகே, ஆழமும் குறைவு. வாடைக்காற்று எழும்பியிருந்தது. பையன் வெள்ளைத் தட்டை இறக்கினான். இரண்டாவது முடிச்சைத் தாண்டும் முன்பே தட்டு காணாமல் போனது. இன்னொரு பக்கம் போய் இறக்கினான். அங்கும் அதே.

"இன்னைக்கு இவ்ளோதான் சார்."

எனக்கு ஏமாற்றம். படகில் நிரப்பிய சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஆழம் குறைவென்றால் காற்று இன்னும் அதிக நேரம் வருமே என்று கேட்டேன், கணக்குப்படி அது சரிதான்.

"காத்து வரும் சார். கேஜ் தெரியாத எடத்துல டேங்க் நெறைய காத்து இருந்து என்ன பண்றது? நான் உங்க கேஜப் பாக்கணும், நீங்க என்னோடதப் பாக்கணும். ரெண்டும் முடியலன்னா நாம மூணு பேரும் தனித்தனியா எறங்கினதாத்தான் அர்த்தம்."

சித்தப்பா அதற்குள் படகைத் திருப்பியிருந்தார். அவருக்கு விவாதத்தில் அக்கறை இல்லை. கலங்கிய தண்ணீரில் நாளை வலை போடுவது பற்றித் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

புதுச்சேரியில் இறங்க நினைப்பவர்கள் மழை முடிந்து சில மாதம் காத்திருந்தால் நீலம் கரைப்பக்கம் வருவதைப் பார்க்கலாம். அவசரப்பட்டுப் போகிறவர்களும் உண்டு, நானும் அந்த ரகம்தான். அவர்கள் பணம் கட்டும் முன் அழைத்துப்போகிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிடுவது நல்லது. எத்தனை பாரில் திரும்புவோம்? எல்லோருடைய கேஜும் ஒரே அலகா, கம்பியில்லாத கருவிக்கு மாற்றாக முள் கேஜ் உண்டா? பார்வை எவ்வளவு மீட்டருக்குக் கீழே போனால் பயணத்தை ரத்து செய்வீர்கள்? முதல் இரண்டுக்கும் எல்லோரும் ஏதோ ஒரு பதில் சொல்வார்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்பவரோடு போகலாம்.